எண்ணெய் வண்ணத்தில் பாயிண்டிலிசம்: ஸ்யூராவைப் பார்த்து வரைந்து பழக எந்தப் படம், என்ன அளவு?

அஸ்தம்பட்டி_அகல்
வணக்கம். அக்ரிலிக்கில் கை ஓரளவு பழகியாச்சு. அடுத்து எண்ணெய் வண்ணத்தில் புள்ளி ஓவியம் கத்துக்கணும். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ஸ்யூராவோட ‘லா கிராண்ட் ஜாட்’ படத்தை 12×18 அங்குல கேன்வாஸில் முழுசா காப்பி பண்ணலாம்னு யோசனை. எந்தெந்த நிறம் வாங்கணும்? வெள்ளை கேன்வாஸில் நேரா புள்ளி வைக்கலாமா? சேலம் வெயிலுக்கு எத்தனை நாளில் காயும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சேர்வராயன்
முதல் வேலையா அந்தப் படத்தை மாத்துங்க. மூலம் 207.5 × 308 செ.மீ. 12×18 அங்குலத்துக்குக் கொண்டு வந்தா கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்காச் சுருங்குது. மூலத்தில் 5 மி.மீ. இருக்கிற புள்ளி உங்க கேன்வாஸில் முக்கால் மி.மீ. ஆயிடும். அதை எந்த பிரஷ்ஷாலும் எண்ணெய் வண்ணத்தில் சுத்தமா வைக்க முடியாது. 1 மி.மீ. புள்ளின்னு வச்சுக்கிட்டாலும், பரப்பில் எழுபது சதவீதம் மூட ஒரு அடுக்குக்கே சுமார் 1,20,000 புள்ளி வேணும். ஆளைச் சலிக்க வச்சிடும், கத்துக்கிறதும் குறைவு.

இதுக்குப் பதிலா ஸ்யூராவோட கடலோரப் படங்களில் ஒண்ணை எடுங்க. ‘ஹான்ஃபிளர் கலங்கரை விளக்கம்’, 1886, வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கு. அளவு 66.7 × 81.9 செ.மீ. அவங்க தளத்தில் கட்டணமில்லாமப் பதிவிறக்கலாம். முழுப் படமும் வேண்டாம். மணல், கடல், வானம் மூணும் வர்ற ஒரு துண்டை 10×12 அங்குலத்துக்கு வெட்டி, மூலத்தின் அதே அளவில் அச்சு எடுங்க. ஏ3 தாளில் அடங்கும். மூலத்தில் 3 மி.மீ. புள்ளின்னா உங்க கையிலயும் 3 மி.மீ. இந்தத் துண்டுக்கு ஒரு அடுக்குக்கு 7,500 புள்ளி சுமாரா வரும். நிமிஷத்துக்கு 25 வச்சா அஞ்சு மணி நேரம். ரெண்டு மூணு அடுக்குன்னா ஒரு மாசத்து ஞாயிற்றுக்கிழமைகளில் முடிக்கிற வேலை.

பாக்கியை மத்தவங்க சொல்லட்டும். அளவை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. புள்ளியோட அளவும் பார்க்கிற தூரமும் சேர்ந்துதான் இந்த முறையே.

குகை_சித்திரம்
அளவு விஷயத்தில் சேர்வராயன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நிறங்களுக்கு வருகிறேன்.

டைட்டானியம் வெள்ளை, காட்மியம் மஞ்சள் லைட், காட்மியம் ஆரஞ்சு, காட்மியம் சிவப்பு லைட், குவினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரின் நீலம், கோபால்ட் நீலம், விரிடியன் என்ற பச்சை. இந்த எட்டு போதும். ஊதாவை அல்ட்ராமரினும் ரோஸும் கலந்து எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு வேண்டாம். அம்பர், சியன்னா போன்ற மண் நிறங்களும் வேண்டாம்; ஸ்யூராவே ‘கிராண்ட் ஜாட்’டின் பிற்பகுதி வேலையில் அவற்றை விலக்கிவிட்டார்.

டியூப்பில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஹ்யூ’ என்று இருந்தால் அது மாற்று நிறமி. படிப்பதற்கு அது தவறில்லை. ஆனால் ஒரே நிறமியால் ஆனதா, இரண்டு மூன்று கலந்ததா என்று பின்பக்கத்தில் உள்ள நிறமி எண்ணைப் பாருங்கள். ஏற்கெனவே கலந்த நிறத்தை வெள்ளையோடும் பக்கத்து நிறத்தோடும் மறுபடி கலக்கும்போது பளிச்சென்ற தன்மை போய்விடும். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு (நிறமி எண் பி.ஆர். 83) வெளிச்சத்தில் வெளிறும்; அதனால்தான் குவினாக்ரிடோன் சொன்னேன். ஜிங்க் வெள்ளையைத் தனியாக எண்ணெயில் பயன்படுத்த வேண்டாம். வருடங்கள் போனால் மொறுமொறுவென்று ஆகி விரிசல் விடும், அடுக்கு உரியும்.

அளவு: 3 மி.மீ. அகலம், அரை மி.மீ. உயரம் உள்ள புள்ளிகள் என்றால் ஒரு அடுக்குக்கு 25 முதல் 30 மி.லி. வண்ணம் இறங்கும். அதில் பாதிக்கு மேல் வெள்ளைதான். மற்றவை 20 மி.லி. டியூப் ஒவ்வொன்று, வெள்ளை மட்டும் பெரிய டியூப்.

பேலட்டை, அதாவது நிறம் கலக்கும் தட்டை, அடுக்கும் விதமும் முக்கியம். மேல் வரிசையில் சுத்த நிறங்கள், மஞ்சளில் தொடங்கி வானவில் வரிசைப்படி. அதற்குக் கீழே அதே நிறம் ஒவ்வொன்றும் வெள்ளை கலந்து. கடைசியில் வெள்ளை. ஸ்யூரா இப்படித்தான் அடுக்கியிருந்தார். பக்கத்துப் பக்கத்து நிறங்களைப் பேலட்டில் கலக்கலாம்: மஞ்சளும் ஆரஞ்சும், நீலமும் ஊதாவும். எதிரெதிர் நிறங்களை (பச்சையும் செவ்வூதாவும், நீலமும் ஆரஞ்சும் போல) பேலட்டில் கலக்கக் கூடாது. அவை சேர வேண்டிய இடம் கேன்வாஸ்.

அம்மாபேட்டை_காடா
கேன்வாஸ் பத்தி ஒரு வார்த்தை. ரெடிமேட் வேண்டாம்னா இங்க தறிக்காரங்ககிட்ட கிடைக்கிற கனமான காடா துணியே தாராளம். ஆனா தறியிலிருந்து வர்ற துணியில பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். கொதிநீரில் ஊற வச்சு ரெண்டு தடவை அலசி, காய வச்சு, அப்புறம் சட்டத்தில் இழுங்க. அலசாம இழுத்தா கெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) ஈரம் பட்டதும் ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் தொய்யும். இழுக்கும்போது நாலு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஆணி, அப்புறம் நடுவிலிருந்து மூலைக்கு.

நம்ம ஊர்ல ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லைன்னு சிலர் அந்தக் கஞ்சியையே துணிக்கு அடிப்பூச்சாப் பூசறாங்க. வேண்டாம். மாவுக் கஞ்சி ஈரத்தை இழுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அரிக்கும். ஏற்காட்டு மழையில் சொல்லவே வேண்டாம். அக்ரிலிக் கெஸ்ஸோ மூணு நாலு கோட், ஒவ்வொண்ணும் காஞ்சதும் 220 நம்பர் உப்புத்தாளில் லேசா ஒரு தேய். காடாவில் இழை மேடு அதிகம். அது தெரியற வரைக்கும் புள்ளி வட்டமா உக்காராது, ஓரம் பிஞ்சுதான் விழும்.

சேர்வராயன்
காடா நல்ல யோசனை. ஆனா புள்ளிக்கு இன்னும் நல்லது பலகை. 6 மி.மீ. பிளைவுட் இல்லைன்னா எம்டிஎஃப் (மரநார் அழுத்திச் செஞ்ச பலகை). இழுத்த துணி பிரஷ் படும்போது உள்ளே போய்த் திரும்பும், புள்ளி வழுக்கும். பலகை அசையாது. முன்பக்கம், பின்பக்கம், நாலு ஓரம் எல்லாத்துக்கும் கெஸ்ஸோ கொடுங்க. ஒரு பக்கம் மட்டும் பூசினா மலை மேல ஈரத்துக்கு ஒரே மாசத்தில் வளைஞ்சிடும்.

அஸ்தம்பட்டி_அகல்
பலகையே எடுத்துக்கிறேன். வெள்ளை கெஸ்ஸோ மேல நேரா புள்ளி ஆரம்பிக்கலாமா? இயர் பட்ஸ் வச்சு புள்ளி வைக்கிற வீடியோ நிறைய இருக்கே, அது சரிப்படுமா?

குகை_சித்திரம்
நேராக வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. புள்ளிகளுக்கு இடையில் வெள்ளை தெரிந்தால் எல்லா நிறமும் வெளிறிச் சுண்ணாம்பு அடித்தது போலாகும். அதை மூட மூட மேலும் புள்ளி வைப்பார்கள். பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிச் சேறாகும்.

ஸ்யூராவின் ‘கிராண்ட் ஜாட்’டை அருகில் எடுத்த படங்களில் பாருங்கள். அடியில் புள்ளி இல்லை. புல்லில் குறுக்கும் நெடுக்குமான கோடுகள், தண்ணீரில் படுக்கைவாட்டுக் கோடுகள், உருவங்களில் உடல் வளைவோடு போகும் கோடுகள். புள்ளி பெரும்பாலும் அதற்கு மேல்தான் வந்தது. வெறும் வட்டப் புள்ளியால் மட்டுமே ஆனது என்று நினைத்துக் காப்பி எடுத்தால் படம் தட்டையாகிவிடும்.

ஆகவே: 5 செ.மீ. கட்டம் போட்டுப் பென்சிலில் எல்லைக்கோடு. ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொது நிறத்தை டர்பென்டைன் சேர்த்து மெல்லிசாகப் பூச்சு. எண்ணெய் சேர்க்க வேண்டாம். அது காய்ந்ததும் 6 முதல் 10 மி.மீ. நீளக் கோடுகளால் ஒரு அடுக்கு. அதுவும் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகு புள்ளி.

இயர் பட்ஸ் வேண்டாம். அது வண்ணத்தை உறிஞ்சிவிடும், எல்லாப் புள்ளியும் ஒரே தட்டையான வட்டமாக விழும், திசை இருக்காது. பன்றி மயிர் உருண்டை பிரஷ் 2-ஆம் எண், கொஞ்சம் தேய்ந்த சிந்தெடிக் 2, 4-ஆம் எண்கள். நிறத்துக்கு ஒன்றாக ஆறு ஏழு பிரஷ் கையில் இருக்கட்டும். ஒரே பிரஷ்ஷைக் கழுவிக் கழுவி வைத்தால் டர்பென்டைன் மிச்சம் புள்ளியை நீர்க்கச் செய்யும்.

நிறமானி
பலரும் தடுக்கி விழுகிற இடம் இன்னும் பேசப்படவில்லை. நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தூரத்திலிருந்து பச்சை தெரியும் என்று எழுதாத இடமில்லை. அல்ட்ராமரினையும் காட்மியம் மஞ்சளையும் வைத்துப் பாருங்கள், தெரிவது சாம்பல்.

பேலட்டில் கலக்கும்போது ஒவ்வொரு நிறமியும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகிறது. இரண்டும் விழுங்காமல் விட்ட மிச்சம் பச்சை. புள்ளிகளில் அப்படி நடப்பதில்லை. இரண்டு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி கண்ணில் சராசரியாகிறது. மஞ்சளிலிருந்து வருவது சிவப்பும் பச்சையும், அல்ட்ராமரினிலிருந்து வருவது நீலமும் கொஞ்சம் ஊதாவும், சராசரி நடுநிலை. அமெரிக்க இயற்பியலாளர் ஆக்டன் ரூட் 1879-இலேயே இந்த வேறுபாட்டை விளக்கினார், ஸ்யூரா அதைப் படித்தவர். அதனால் பச்சை வேண்டிய இடத்தில் பச்சை நிறமியே வேண்டும். விரிடியனில் மஞ்சள் சேர்த்துப் பேலட்டிலேயே புல் பச்சை எடுங்கள்.

மற்ற நிறங்கள் எதற்கு என்றால், ‘கிராண்ட் ஜாட்’டின் நிழல் விழுந்த புல்லை 1886-இல் விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் பிரித்துக் காட்டியதைப் பார்க்கலாம். பெரும்பாலான புள்ளிகள் புல்லின் சொந்த நிறம். ஆங்காங்கே ஆரஞ்சு, அது நிழலுக்குள் மெலிதாக நுழையும் வெயில். கொஞ்சம் செவ்வூதா, அது பச்சையின் எதிர் நிறம். பக்கத்தில் வெயில் பட்ட புல் இருக்குமிடத்தில் ஒரு நீலம்.

பழகுவதற்கு இந்த விகிதம் வைத்துக்கொள்ளலாம்: பத்துப் புள்ளியில் ஆறு சொந்த நிறம், இரண்டு வெயில் அல்லது வானத்தின் நிறம், ஒன்று பக்கத்துப் பொருளின் எதிரொளி, ஒன்று எதிர் நிறம். இது ஸ்யூராவின் சூத்திரம் அல்ல, கைக்கு ஒரு பிடிமானம். எதிர் நிறம் மூன்றுக்கு மேல் போனால் சாம்பல் தட்டிவிடும்.

எதிர் நிறத்திலும் கவனம். வேதியியலாளர் செவ்ரோல் 1839-இல் சொன்ன வழியில் நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு. ஒளியை வைத்து அளந்தால் ஊதா கலந்த அல்ட்ராமரினுக்கு எதிரில் வருவது மஞ்சள். ஆரஞ்சு நிற்பது பச்சை சாய்ந்த நீலத்துக்கு எதிரில். மணலின் நிழலில் எந்த நீலம் வைப்பது என்று குழம்பும்போது இது உதவும்.

சில்வர்_ஓக்
நிறமானி சார், எனக்கு ஒரு சந்தேகம். விகிதம் சரியா வச்சாலும் சிலர் படத்தில் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாத் துருத்திக்கிட்டு நிக்குதே, ஏன்? எத்தனை அடி தள்ளி நின்னாலும் கலக்க மாட்டேங்குது.

நிறமானி
டோன், அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற அளவு; அதன் வேறுபாடுதான் காரணம். டியூப்பிலிருந்து எடுத்த அல்ட்ராமரின் கறுப்புக்கு அருகில் இருக்கிறது, காட்மியம் மஞ்சள் வெள்ளைக்கு அருகில். நிற வேறுபாட்டைக் கண் எளிதில் கலந்துவிடும், வெளிச்ச வேறுபாட்டைக் கலக்காது. ஒரு பகுதிக்குள் வரும் எல்லா நிறத்தையும் வெள்ளை சேர்த்து ஒரே டோனுக்குக் கொண்டு வாருங்கள். வெள்ளை 1, கறுப்பு 10 என்று படிக்கட்டு வைத்தால், ஒரு பகுதிக்குள் ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி வித்தியாசம். பேலட்டில் கலந்து வைத்த நிறங்களை மொபைலில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். எது தனியாகத் தெரிகிறதோ அதைத் திருத்துங்கள்.

முழுவதும் கலக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். சராசரிக் கண்ணுக்குப் பிரித்தறியும் திறன் ஒரு ஆர்க் நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம். அந்தக் கணக்கில் 3 மி.மீ. புள்ளி மறைய சுமார் 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம் வீட்டு ஹாலில் அந்தத் தூரம் கிடையாது. மூன்று நான்கு மீட்டரில் பாதி கலந்தும் பாதி கலக்காமலும் ஒரு துடிப்பு தெரியும். ஸ்யூராவின் படங்களில் ஈர்ப்பதே அதுதான்.

பலகையில் இறங்கும் முன் கெஸ்ஸோ பூசிய அட்டையில் 5 செ.மீ. சதுரங்கள் ஆறு போட்டு, மணல், கடல், வானம் மூன்றையும் வெயிலுக்கு ஒன்று நிழலுக்கு ஒன்றாகச் செய்து பாருங்கள். ஒரு மாலை வேலை.

குகை_சித்திரம்
புள்ளி வைக்கும் கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டியூப்பிலிருந்து வரும் வண்ணத்தில் எண்ணெய் அதிகம் இருந்தால் பழுப்புத் தாளில் பத்து நிமிடம் பிதுக்கி வையுங்கள், எண்ணெயைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். வெண்ணெயை விடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சற்றுச் சாய்த்து, தொட்டு, அப்படியே பின்னால் எடுக்க வேண்டும். அழுத்தினால் புள்ளியின் நடு பள்ளமாகி விளிம்பு மேடாகும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அசிங்கமாகத் தெரியும். ஒரு முறை தோய்த்தால் ஆறேழு புள்ளி. அதற்கு மேல் இழுத்தால் அடி அடுக்கைச் சுரண்டும்.

முதல் சுற்றில் புள்ளிக்குப் புள்ளி ஒரு புள்ளி அகலம் இடைவெளி விடுங்கள். அது காய்ந்த பிறகே அடுத்த நிறம் இடையில். ஈரத்தோடு ஈரம் பட்டால் இரண்டு நிறமும் பிரஷ்ஷில் ஏறி அடுத்த இருபது புள்ளியையும் கெடுக்கும்.

விளிம்புகளுக்கு ஸ்யூராவின் வழக்கம் ஒன்று உண்டு. இருண்ட பொருளை ஒட்டிய பின்னணியை ஒரு படி வெளிச்சமாக்குவார், வெளிச்சமான பொருளை ஒட்டியதை ஒரு படி இருட்டாக்குவார். கறுப்பு கோந்தே கிரயான் என்ற வரைகுச்சியில் அவர் போட்ட வரைபடங்களிலேயே இது இருக்கிறது. கலங்கரை விளக்கத்தின் ஓரத்தில் வானம் எப்படி மாறுகிறது என்று அச்சில் தேடுங்கள். இந்த ஒரு விரல் அகலப் பட்டையை விட்டுவிட்டால் கட்டடம் வானத்தில் ஒட்டிவிடும்.

சேர்வராயன்
காயறதைப் பத்தி முதல் பதிவில் கேட்டிருந்தீங்க. எண்ணெய் வண்ணம் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்லை, காத்திலுள்ள ஆக்சிஜனோட சேர்ந்து இறுகுது. வெப்பமும் வெளிச்சமும் காத்தோட்டமும் வேணும். சித்திரை வெயிலில் சேலத்தில் மெல்லிய அடுக்கு மூணு நாலு நாளில் தொடலாம், அரை மி.மீ. புள்ளிக்கு ஒரு வாரம். இதே ஏற்காட்டில் ஐப்பசி மூட்டத்தில் ரெண்டு வாரமும் ஆகும். நிறத்துக்கு நிறம் மாறும்: கோபால்ட் நீலம் சீக்கிரம், காட்மியமும் டைட்டானியம் வெள்ளையும் மெதுவா. அதனால மஞ்சள் புள்ளியைத் தொட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க, நீலத்தை நம்பாதீங்க.

அவசரத்துக்கு அல்கிட் மீடியம் சேர்க்கலாம், ஆனா வண்ணம் இளகிப் புள்ளி பரவும். கோடு அடுக்கில் சேருங்க, புள்ளி அடுக்கில் வேண்டாம். நேர் வெயிலில் மொட்டை மாடியில் காய வைக்கிறது கூடாது. மேல் தோல் இறுகி உள்ளே ஈரமா நின்னு சுருக்கம் விழும்.

வண்ணத்தில் இருக்கிற லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் துடைச்ச துணியைக் கசக்கி மூலையில் போடாதீங்க. அது காயும்போதே சூடு விடும். குவியலா இருந்தா தானாவே தீப்பிடிக்கும். நம்ம ஊர் மே மாசத்தில் இது நிஜமான ஆபத்து. மூடி உள்ள தகர டப்பாவில் தண்ணி ஊத்தி அதுக்குள்ள போடுங்க.

அம்மாபேட்டை_காடா
அச்சைப் பார்த்து நிறம் எடுக்கிறதா, திரையைப் பார்த்தா?

குகை_சித்திரம்
வடிவத்துக்கும் புள்ளி அளவுக்கும் அச்சு, நிறத்துக்குத் திரை. அச்சும் நாலு மையில் புள்ளி வைத்துத்தான் நிறம் காட்டுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மையின் புள்ளி எது, ஸ்யூராவின் புள்ளி எது என்று குழப்பம் வரும். கலர் லேபில் போட்டோ தாளில் எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு. வேலை செய்யும் இடத்தில் மஞ்சள் பல்பு கூடாது. வடக்கு ஜன்னல், இல்லையென்றால் 5000 கெல்வின் எல்இடி.

சில்வர்_ஓக்
‘கிராண்ட் ஜாட்’ பத்தி ஒண்ணு கேக்கணும். அதுல ஜிங்க் மஞ்சள் பழுப்பாப் போச்சுன்னு சொல்றாங்களே. பின்னாடி அதிலிருந்து ஒரு துண்டைக் காப்பி பண்ணினா, இப்போ தெரியற பழுப்பையே வைக்கணுமா, அன்னிக்கு இருந்த மஞ்சளையா?

நிறமானி
ஜிங்க் மஞ்சள் என்பது ஜிங்க் குரோமேட். சில ஆண்டுகளிலேயே அது காவிப் பழுப்பானது. 2004-இல் சிகாகோ கலைக்கூடத்தின் கண்காட்சியை ஒட்டி ராய் பெர்ன்ஸ் என்ற நிற அறிவியலாளர் பழைய நிறங்களைக் கணினியில் மீட்டுக் காட்டினார். வெயில் பட்ட புல் நன்றாகவே பிரகாசமானது. பயிற்சிக்கு என் தேர்வு பழைய மஞ்சள்தான். ஸ்யூரா அங்கே வெயிலை வைத்தார், பழுப்பை வைக்கவில்லை. பழுப்பைக் காப்பி எடுத்தால் அவர் போட்ட கணக்கே பிடிபடாது. ஜிங்க் குரோமேட் நச்சு, அதைத் தேட வேண்டாம். காட்மியம் லெமன் போதும்.

சேர்வராயன்
இதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த இடத்தில் எந்தப் பழுப்பு ஒரு காலத்தில் மஞ்சளா இருந்தது, எது ஆரம்பத்திலேயே ஆரஞ்சு காவின்னு படத்தைப் பார்த்துப் பழகுறவரால பிரிக்க முடியாது. ஊகிச்சு மஞ்சளாக்கினா டோன் முழுக்கத் தவறும். முதல் காப்பியில் கண்ணுக்குத் தெரியறதையே வைக்கட்டும். ரெண்டாவதில் வேணும்னா மாத்திப் பார்க்கட்டும்.

நிறமானி
டோன் பற்றிய எச்சரிக்கை நியாயம். அப்படியானால் 5 செ.மீ. சதுரத்தில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து பார்க்கட்டும். பலகையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

சில்வர்_ஓக்
காப்பி முடிச்ச கையோட ஏற்காடு ஏரியைக் காலை மூட்டத்தில் இதே முறையில் போடலாமா?

சேர்வராயன்
மூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. கரை மரங்களைத் தவிர முழுப் படமும் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மூணு டோனுக்குள்ள அடங்கிடும், அதனால நிறத்தில் தைரியமா விளையாடலாம். வெள்ளை சேர்த்த கோபால்ட், வெள்ளை சேர்த்த ரோஸ், வெள்ளையில் துளி மஞ்சள், மூணும் ஒரே டோனில் கலந்து வச்சுக்கிட்டா ஏரித் தண்ணியும் மூட்டமும் முடிஞ்சது. கரை மரங்களுக்கு ஆறாம் டோன் போதும், அதைவிட இருட்டாப் போகாதீங்க. சில்வர் ஓக் இலையை இலையா வைக்கிற ஆசை வரும். அடக்கிக்கிட்டு, கொத்துக்கு ஒரு பச்சை, ஒரு நீலம், இலை அடிப்பக்கத்து வெள்ளிக்கு ஊதா கலந்த வெள்ளைன்னு போங்க.

ஸ்யூராவோட சேர்ந்து இதே முறையில் வரைஞ்ச பால் சின்யாக்கோட 1900-க்குப் பிந்தைய படங்களையும் பாருங்க. அவர் புள்ளியைப் பெருசாக்கி, மொசைக் கல் மாதிரி நீள்சதுரப் பட்டைகளா வச்சார். லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலத்தைப் பார்க்கிற பெரிய காட்சிக்கு 3 மி.மீ. புள்ளியை விட அந்தப் பட்டை வேகமா நகரும்.

அஸ்தம்பட்டி_அகல்
எல்லாருக்கும் நன்றிங்க. கடைசியா ஒண்ணு: வார்னிஷ் எப்போ?

குகை_சித்திரம்
புள்ளி தடிமன் இருப்பதால் ஆறு மாதத்துக்குள் வேண்டாம், ஒரு வருடம் பொறுத்தால் நல்லது. பிரஷ்ஷால் பூசினால் பள்ளங்களில் தேங்கிப் பளபளக்கும்; மேட் ஸ்ப்ரே, 30 செ.மீ. தள்ளி, மெல்லிசாக இரண்டு முறை. அதுவரை புள்ளிகளுக்கு நடுவில் தூசி சேரும், மெல்லிய காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ஈரத்துணி கூடாது. காயும் காலத்தில் இருட்டு அலமாரியில் வைக்காதீர்கள், எண்ணெய் மஞ்சள் தட்டும்.

சேர்வராயன்
மாட்டும்போது பலகைக்கும் சுவருக்கும் நடுவில் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டுங்க, காத்து போகணும். மழை அடிக்கிற பக்கத்துச் சுவரைத் தவிர்த்துடுங்க. சதுரம் ஆறையும் முடிச்சதும் கறுப்பு வெள்ளைப் படத்தோட இங்க போடுங்க, டோன் எங்க தவறுதுன்னு பார்த்துச் சொல்றோம்.